ஜாக்கிக்குக் கூலி, டிரைவருக்குச் செலவு: ஜூனியர் ரேஸில் சீட் ஏன் கைமாறுகிறது?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே விளையாட வழியில்லை. அப்படி வீட்டிலேயே கிடந்த நாட்களில் ஃபார்முலா 2, ஃபார்முலா 3 கார் ரேஸ்களைப் பார்க்க ஆரம்பித்தவள், இப்போது அதற்கென்று ஒரு நீள நோட்டே வைத்திருக்கிறாள். பக்கம் முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு. இடப்பக்கம் அணியின் பெயர், வலப்பக்கம் டிரைவரின் பெயர், கடைசியில் பாயிண்ட்ஸ். எல்லாம் பென்சிலில். போன மாதம் நோட்டை என்னிடம் கொண்டுவந்து ஒரு வரியைக் காட்டினாள். மூன்று முறை ரப்பர் போட்டு அழித்ததில் அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, அடுத்த பக்கத்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"ஏன் மாமா, ஐபிஎல்ல ஒருத்தரை ஏலத்துல எடுத்தா சீசன் முழுக்க அதே டீம்லதானே இருக்காரு? இவங்க மட்டும் ஏன் பாதியிலயே போயிடறாங்க?"

நல்ல கேள்வி. ரேஸ் பார்க்கத் தொடங்கும் எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அந்த ஒன்றை விளக்க எனக்குக் கைகொடுப்பது ஊட்டி குதிரைப் பந்தயம்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரிலேயே ரேஸ் கோர்ஸ் மைதானம். 1886-ல் தொடங்கிய பந்தயம். ஏப்ரல், மே சீசனில் நாங்கள் சிறுவர்களாக வேலியோரம் நின்று பார்த்திருக்கிறோம். குத்தகைப் பாக்கி வழக்குக்குப் பிறகு 2024-ல் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எனக்கு அங்கே முதலில் வியப்பூட்டியது குதிரை அல்ல, ஜாக்கியின் சட்டை. இரண்டு மணிப் பந்தயத்தில் மஞ்சள் சட்டையில் வந்த ஆளே அடுத்த பந்தயத்தில் பச்சைக் கட்டத்தில் வருவார். அந்த நிறம் ஜாக்கியுடையது அல்ல, குதிரையின் சொந்தக்காரருடையது. யார் குதிரையில் ஏறுகிறாரோ அவர் நிறத்தைப் போட்டுக்கொள்கிறார். ஒரே பிற்பகலில் நான்கு சட்டை மாற்றினாலும் அவரை யாரும் கட்சி மாறியவர் என்று சொல்வதில்லை. குதிரைக்காரர் கூலி தருகிறார், ஜாக்கி ஓட்டுகிறார். ஜெயித்தால் பரிசிலும் ஒரு பங்கு.

இப்போது இதை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். ஜூனியர் கார் ரேஸில் காரின் சொந்தக்காரர் அணி. ஓட்டுகிற பையனோ பெண்ணோதான் அணிக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஜாக்கிக்குக் கூலி, இங்கே டிரைவருக்குச் செலவு. ஐபிஎல் ஏலத்தில் அணி ஆட்டக்காரரை வாங்குகிறது. இங்கே டிரைவர் ஒரு சீசனுக்கு அணியின் காரை, மெக்கானிக்கை, இன்ஜினியரை, லாரியை எல்லாம் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறார். ரேஸ் உலகில் 'சீட்' என்று சொல்வது இந்த வாடகை இடத்தைத்தான். அணி ஒரு சேவை நிறுவனம், டிரைவர் அதன் வாடிக்கையாளர். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த நோட்டைப் பார்த்தால், அழித்து எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் கிடைக்கும்.

முதலில் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் கோ-கார்ட் என்ற குட்டிக் கார். பிறகு ஃபார்முலா 4; இதற்குக் குறைந்த வயது 15. அதற்கு மேல் ஃபார்முலா 3, அதற்கு மேல் ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா 1. இந்தியாவில் 2023 முதல் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ-வின் அங்கீகாரத்தோடு ஃபார்முலா 4 நடக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் விளக்கு வெளிச்சத்தில் சாலையிலேயே ஓட்டினார்களே, அதில் இதுவும் ஒன்று. கோவைப் பக்கம் பல ஆண்டுகளாக ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது நம் நாட்டுக்குள் நடக்கும் தனி வகுப்பு. புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் பொதுவாக எல்லாருக்கும் ஒரே கார். ஃபார்முலா 2-ல் எந்த அணியானாலும் டல்லாரா சேஸிஸ் (காரின் உடற்கூடு), மெக்காக்ரோம் இன்ஜின். நம் ஃபார்முலா 4-ல் மைகேல் சேஸிஸ். கார் ஒன்றுதான் என்றால் அணி மாறுவதில் என்ன லாபம்? லாபம் ஆட்களில் இருக்கிறது. ஒரே அரிசியை இருவருக்குக் கொடுத்தால் ஒருவர் சோறு பொலபொலவென்று வரும், இன்னொருவர் சோறு குழையும். டயரில் எவ்வளவு காற்று, சஸ்பென்ஷன் எவ்வளவு இறுக்கம், பின் இறக்கை எவ்வளவு சாய்வு என்பதையெல்லாம் முடிவு செய்கிற இன்ஜினியர் கெட்டிக்காரராக இருந்தால் ஒரு சுற்றில் அரை விநாடி குறையும். எல்லாரிடமும் ஒரே கார் இருக்கும் பந்தயத்தில் அரை விநாடி என்பது முதல் வரிசைக்கும் பத்தாவது இடத்துக்கும் உள்ள தூரம். அதனால்தான் டிரைவர்கள் நல்ல அணியைத் தேடி அலைகிறார்கள். அதனால்தான் நல்ல அணியின் வாடகையும் அதிகம்.

இனி மாற்றங்களுக்கு வருவோம். சீசன் முடிந்தபின் நடக்கும் மாற்றம் ஒரு வகை, நடுவில் நடப்பது இன்னொரு வகை.

சீசன் முடிந்தபின் மாறுவது பள்ளி மாறுவது மாதிரி. சிலர் அடுத்த வகுப்புக்கு, அதாவது மேல் படிக்குப் போகிறார்கள். சிலர் அதே வகுப்பில் வேறு பள்ளி பார்க்கிறார்கள். மும்பையின் ஜெஹான் தாருவாலா ஃபார்முலா 2-ல் நான்கு சீசன் ஓட்டினார்: 2020, 2021-ல் கார்லின், 2022-ல் பிரேமா, 2023-ல் எம்பி மோட்டார்ஸ்போர்ட். பெங்களூரின் குஷ் மைனி 2023-ல் காம்போஸ், 2024-ல் இன்விக்டா, 2025-ல் டாம்ஸ். மூன்று சீசன், மூன்று அணி. இதில் சண்டை, மனத்தாங்கல் என்று கதை தேட வேண்டியதில்லை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். அது முடிந்ததும் இரு தரப்பும் புதிதாகக் கணக்குப் பார்க்கிறார்கள். சீசன் முடிந்த கையோடு நடக்கும் டெஸ்டிங் என்ற சோதனை ஓட்டத்தில் ஒருவர் புது அணியின் காரில் உட்கார்ந்திருந்தால், அடுத்த ஆண்டுக்குப் பேச்சு நடக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நடு சீசன் மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. காரணங்களில் பெரியது பணம். அணிக்குத் தர வேண்டிய தொகையை ஒரே மூச்சில் தருகிறவர்கள் குறைவு. தவணை தவணையாகப் போகும். ஒரு ஸ்பான்சர் பாதியில் கையை விரித்தால் அடுத்த தவணை நிற்கும், தவணை நின்றால் சீட் போகும். இதில் வெளியே தெரியாத இன்னொரு செலவும் உண்டு. மோதலில் முன்மூக்கு உடைந்தால், சஸ்பென்ஷன் கம்பி வளைந்தால், அந்தச் செலவு பல நேரம் வாடகைக்கு வெளியே, டிரைவர் தலையில் தனியாக விழும். இரண்டு ரவுண்டில், அதாவது இரண்டு வார இறுதி ரேஸ்களில், தொடர்ந்து மோதிய பையன் மூன்றாவது ரவுண்டுக்கு வராமல் போனால் "பயந்துவிட்டான்" என்று சொல்லாதீர்கள். அவன் அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். திறமை இருந்தும் இப்படி நின்றுபோன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனசு வலிக்கிறது. இந்த விளையாட்டின் ஆறாத புண் இது.

இதன் மறுபக்கமும் உண்டு. வெளியே காத்திருக்கும் ஒருவர் கூடுதல் பணத்தோடு வந்தால் உள்ளே இருப்பவருக்கு நெருக்கடி. ஃபார்முலா 1 வரை போனாலும் இது விடாது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டி இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆனார். 2011-ல் ஹெச்ஆர்டி என்ற சின்ன அணியில் சீசனைத் தொடங்கினார். எட்டு ரேஸ் ஆனதும், பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயிலிருந்து அவர் சீட்டில் டேனியல் ரிக்கார்டோ உட்கார்ந்தார். ரிக்கார்டோ ரெட் புல் என்ற பெரிய அணி வளர்த்த பையன். அனுபவம் கிடைக்கட்டும் என்று ரெட் புல்லே அந்த இடத்தை ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் நொய்டா பக்கம் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது நரேன் அதே அணியில் திரும்ப வந்தார். அந்த முறை ஒதுங்கி நின்றவர் அணியின் இன்னொரு டிரைவர் லியூட்சி. எட்டு ரேஸ், பிறகு இடைவெளி, பிறகு சொந்த மண்ணில் ஒரு ரேஸ். நம் பையனுக்கே இப்படி நடந்ததால் இந்த ஏற்பாட்டை நான் அன்றே புரிந்துகொண்டேன்.

இங்கே வருவதுதான் அகாடமி. ஃபெராரி, ரெட் புல், மெர்சிடிஸ் போன்ற பெரிய அணிகள் சிறு வயதிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்துத் துணை நிற்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு வாடகைப் பாரம் குறையும். ஆனால் எந்த அணியில், எந்தப் படியில் ஓட்ட வேண்டும் என்பதில் அகாடமியின் குரல் பெரிதாகிவிடும். ஸ்காலர்ஷிப்பில் படிப்பது போலத்தான்: ஃபீஸ் பிரச்சினை தீரும், மார்க் குறைந்தால் பிரச்சினை தொடங்கும்.

அடுத்த காரணம் மேலிருந்து வரும் அழைப்பு. 2024-ல் ஜெட்டாவில் ஃபார்முலா 2 ரேஸை முதலிடத்தில் நின்று தொடங்க ஆலிவர் பேர்மன் தகுதிபெற்றிருந்தார். அதே வாரம் ஃபெராரியின் ஃபார்முலா 1 டிரைவர் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. பேர்மனைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதில் ஃபெராரி ஓட்டி ஏழாவதாக வந்தார். அந்த வாரத்து ஃபார்முலா 2 ரேஸ்களை விட்டுவிட்டார். தொடக்க வரிசையில் காலியான முதலிடம் இரண்டாவதாக நின்ற குஷ் மைனிக்குப் போனது. அதே ஆண்டு ஃபார்முலா 1-ல் வில்லியம்ஸ் அணி லோகன் சார்ஜென்ட்டை இறக்கிவிட்டு ஃபிராங்கோ கொலபின்டோவை ஏற்றியது. கொலபின்டோ ஃபார்முலா 2-ல் விட்டுவந்த சீட்டுக்கு ஃபார்முலா 3-ல் ஓட்டிக்கொண்டிருந்த ஆலிவர் கோத்தே வந்தார். உச்சியில் ஒரு கல் உருண்டால் கீழே மூன்று படி வரை அசையும். பர்லியார் வளைவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் நிற்கும் எல்லா வண்டியும் நகர வேண்டியிருக்கிறதே, அப்படி.

காயம், உடம்பு சரியில்லாமை, வேறு ரேஸோடு தேதி மோதுவது எல்லாம் மீதிக் காரணங்கள். வயதும் ஒரு காரணம்: தகுதி வயது வராததால் சீசன் தொடங்கியபோது சேர முடியாதவர், பிறந்தநாள் வந்த அடுத்த ரவுண்டிலிருந்து சேருவார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வும் குறுக்கே வரலாம். ஓட்டுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மாறி வந்தவருக்கு முதல் வேலை என்ன தெரியுமா? உட்காருவது. நிஜமாகவே. காக்பிட் வெறும் கூடு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, டிரைவரை ஓட்டும் நிலையில் அதன்மேல் உட்காரவைத்து, பைக்குள் இரண்டு கரைசலைக் கலந்து ஊற்றுவார்கள். அது நுரைத்துப் பொங்கி, வெதுவெதுப்பாகி, முதுகுக்கும் இடுப்புக்கும் பின்னால் இண்டு இடுக்கெல்லாம் நிறைத்துக்கொண்டு இறுகும். இறுகும்வரை அசையக்கூடாது. பிறகு எடுத்துப் பார்த்தால் அந்த ஆளின் முதுகெலும்பு வளைவுவரை அச்சாகப் பதிந்திருக்கும். ஓரங்களைச் சீவி, டேப் சுற்றி, பெயர் எழுதி வைப்பார்கள். அடுத்தவர் அதில் உட்கார்ந்தால் இரண்டு சுற்றில் விலா வலிக்கும். ஆக 'சீட்' வாடகை இடம் என்றேன், ஆனால் உள்ளே இருக்கும் அந்த நுரை அச்சு மட்டும் டிரைவருக்கே உரியது.

இப்போது பாயிண்ட்ஸ் கணக்கு. அந்தப் பெண் அதிகம் குழம்பியது இதில்தான், அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கற்பனை சீசன் உருவாக்கினோம். அணிகளுக்கு மலை ரயில் ஸ்டேஷன் பெயர்கள்: கேத்தி, லவ்டேல், வெலிங்டன், ரன்னிமேடு. அணிக்கு இரண்டு கார். ஆறு ரேஸ், மூன்று செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், மூன்று இருங்காட்டுக்கோட்டையில். பாயிண்ட்ஸ் வழக்கம்போல: முதலிடத்துக்கு 25, பிறகு 18, 15, 12, 10, 8, 6, 4.

முதல் மூன்று ரேஸில் லவ்டேலின் கோவைப் பையன் 25, 18, 18 எடுக்கிறான், மொத்தம் 61. அவன் கூட்டாளி குன்னூர்ப் பெண் 10, 12, 15, மொத்தம் 37. லவ்டேல் அணிக்கு 98. கேத்தியில் மைசூர்ப் பையன் 18, 25, 25, மொத்தம் 68. அவன் கூட்டாளிக்கு 16. கேத்திக்கு 84. இந்த இடத்தில் கேத்தியின் இரண்டாவது டிரைவருக்கு ஸ்பான்சர் நின்றுபோகிறது, அவன் விலகுகிறான். அந்த சீட்டுக்குக் கோவைப் பையன் தாவுகிறான். லவ்டேலுக்கு ஒரு புதுப் பையன் வருகிறான்.

கோவைப் பையனின் 61 பாயிண்ட்ஸ் எங்கே போகும்? அவனோடு போகும், லவ்டேலிலும் இருக்கும். சாம்பியன்ஷிப் ஒன்று அல்ல, இரண்டு: டிரைவர்களுக்கு ஒன்று, அணிகளுக்கு ஒன்று. டிரைவர் கணக்கில் அவன் சம்பாதித்தது அவன் எங்கே போனாலும் அவனுடையது. அணிக் கணக்கில், அந்த ரேஸ் நாளில் யார் காரில் ஓட்டினானோ அந்த அணிக்கே நிரந்தரம்.

பின்பாதியில் கோவைப் பையன் 25, 25, 15. மைசூர்ப் பையன் 18, 18, 25. குன்னூர்ப் பெண் 15, 15, 18. புதுப் பையன் 6, 8, 10. கூட்டிப் பாருங்கள். மைசூர்ப் பையன் 129, கோவைப் பையன் 126. மூன்று பாயிண்ட்ஸில் மைசூர்ப் பையன் சாம்பியன். கேத்தி அணிக்கு 210, லவ்டேலுக்கு 170.

"தப்பா இருக்கே மாமா, கேத்தில இருக்கற ரெண்டு பேரையும் கூட்டினா 255 வருது!" என்றாள். அவள் கூட்டல் சரி. ஆனால் கோவைப் பையனின் 126-ல் கேத்திக்குச் சேர்ந்தது 65 மட்டுமே. முதல் 61 லவ்டேலுடையது. விலகிப் போனவன் விட்டுச்சென்ற 16 கேத்தியிலேயே தங்கிவிட்டது. 129, 65, 16: மொத்தம் 210. விலகியவனின் பெயரை நோட்டிலிருந்து அழித்ததால்தான் அவளுக்குக் கணக்கு இடித்தது.

இதே விதி எவ்வளவு கறாரானது என்பதை 2018 ஃபார்முலா 1-ல் பார்த்தோம். விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அணி கடனில் விழுந்து, சீசன் நடுவில் புது உரிமையாளர் கைக்குப் போனது. பெல்ஜியம் ரேஸிலிருந்து அது புது அணியாகப் பதிவானதால், அதுவரை சேர்த்த 59 பாயிண்ட்ஸ் அணிக் கணக்கிலிருந்து காணாமல் போனது. பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கி 52 சேர்த்து ஏழாவதாக முடித்தார்கள். டிரைவர்கள் இருவருக்கும் ஒரு பாயிண்ட்கூடக் குறையவில்லை. அதே கார், அதே ஆட்கள், பதிவேட்டில் மட்டும் புது அணி.

ஆக, டிரைவர் மாறுவது போலவே அணியும் மாறும். நரேன் ஓட்டிய ஜோர்டான் 2006-ல் மிட்லாண்ட், 2007-ல் ஸ்பைக்கர், 2008-ல் ஃபோர்ஸ் இந்தியா, பிறகு ரேசிங் பாயிண்ட், 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின். பெயர்ப்பலகை ஐந்து முறை மாறியும் இருப்பிடம் அதே சில்வர்ஸ்டோன். ஜூனியர் படிகளிலும் கார்லின் என்ற பெயர் ரோடின் கார்லின் ஆகி, பிறகு வெறும் ரோடின் ஆனது. புதுப் பெயரைப் பார்த்ததும் புது அணி என்று முடிவு கட்டாமல், பழையது எது காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும். குன்னூர் ஸ்டேஷனில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டினாலும் ஊட்டி போவது அதே ரயில்தானே.

பாதியில் விலகுவது டிரைவருக்கு இன்னொரு வகையிலும் இடிக்கும். ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று சீசன்களுக்குள் 40 பாயிண்ட்ஸ். இது ரேஸ் பாயிண்ட்ஸ் அல்ல, சாம்பியன்ஷிப்பில் எந்த இடத்தில் முடித்தோம் என்பதற்குக் கிடைப்பது. ஃபார்முலா 2 சாம்பியனுக்கு 40, ஃபார்முலா 3 சாம்பியனுக்கு 30, ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12. கூடவே இரண்டு சீசன்களை, ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடாவது ஓட்டி முடித்திருக்க வேண்டும். அதனால் பணம் தட்டுப்பட்ட ஒரு பையன் மெதுவான அணியின் மலிவான சீட்டுக்கு இறங்கிப் போனால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். சீசனை முடிப்பதற்காக அவன் எடுத்த சரியான முடிவாக இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் புதுப் பக்கம் தொடங்கினாள். இந்த முறை யார் போனாலும் பெயரை அழிக்கவில்லை. ஒரு கோடு மட்டும் அடித்து, பக்கத்தில் எந்த ரவுண்டுவரை என்று எண் போடுகிறாள். டிரைவர் பெயருக்குப் பென்சில், அணியின் பெயருக்குப் பேனா என்று முடிவு செய்திருந்தாள். ஜோர்டான் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ ரெண்டுமே பென்சில்தான் மாமா" என்று அணிப் பெயர்களை மறுபடி எழுத உட்கார்ந்தாள்.